அலுமினியமும் சென்னைப் பாத்திரத் தொழிலும்

சென்னையில் 1850ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளி ஓவியர்களாலும் சிற்பிகளாலும் பெயர்பெற்றது என்றாலும், இந்தியாவில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலுக்கும் அப்பள்ளியின் பட்டறையே தொடக்க இடமாக அமைந்தது. 1888இல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்து, பின்னர்க் கலைப்பள்ளியின் பொறுப்பையும் ஏற்ற ஆல்ஃபிரட் சாட்டர்டன், வெளிநாட்டிலிருந்து தருவித்த அலுமினியத் தகட்டைக் கொண்டு வீட்டுப் பாத்திரங்கள் செய்து பார்க்கும் சோதனையை 1898இல் அரசின் ஒப்புதலோடு அங்கே தொடங்கினார். இந்த முயற்சியை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் காலனியரசின் தொழிற்கொள்கை பற்றிய விவாதத்தின் முதற்கட்டமாகவே எழுதியிருக்கிறார்கள், அது தவறன்று. ஆனால் அந்தத் தொழில் பத்தாண்டுகள் முன்னதாக ஏன் தோன்றியிருக்க முடியாது, பித்தளைப் பட்டறையின் பழகிய முறைகளை அது ஏன் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை, தகட்டைப் பாத்திரமாக உருவாக்கத் தெரிந்த மாநிலம் அந்த உலோகத்தையே உருக்கி எடுப்பதற்கு அறுபத்தேழு ஆண்டுகள் ஏன் காத்திருக்க நேர்ந்தது என்ற கேள்விகளுக்கு அரசுக் கோப்புகளை மட்டும் புரட்டினால் விடை கிடைக்காது. அவ்விடை அலுமினியம் என்னும் தனிமத்தின் இயல்பில், குறிப்பாக ஆக்சிஜனை விட்டுப் பிரிய மறுக்கும் அதன் பிடிவாதத்தில் அடங்கியுள்ளது.

தனிம வரிசையில் 13ஆம் இடத்தில் உள்ள அலுமினியம் புவியோட்டின் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு இருக்கிறது; உலோகங்களில் இதைவிட மிகுதியாகப் புவியோட்டில் இருப்பது வேறொன்றும் இல்லை. இருந்தும், தங்கத்தைப் போலவோ செம்பைப் போலவோ தனி உலோகமாகக் கிடைக்காமல், களிமண்ணிலும் பாறைகளை ஆக்கும் ஃபெல்ஸ்பார் முதலிய கனிமங்களிலும் ஆக்சிஜனோடும் சிலிக்கானோடும் பிணைந்தே அது கிடக்கிறது. இந்த அணுவின் வெளிக்கூட்டில் உள்ள மூன்று எலக்ட்ரான்களும் ஆக்சிஜனிடம் எளிதில் சென்று சேர்ந்துவிடுவதால், அலுமினா எனப்படும் அலுமினியம் ஆக்சைடு உருவாகும்போது மிகுந்த ஆற்றல் வெளிப்படுகிறது. அப்பிணைப்பை மீண்டும் அறுக்க வேண்டுமானால் வெளிப்பட்ட அவ்வளவு ஆற்றலையும் திருப்பிச் செலுத்தியாக வேண்டும். சேலம் கஞ்சமலையின் இரும்புக் கனிமத்தை மரக்கரியோடு உலையிலிட்டுத் துருத்தி ஊதி இரும்பு எடுத்தவர்களின் முறை அலுமினியத்துக்குப் பயன்படாததற்குக் காரணம் இதுவே. இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைக் கரி எளிதாகக் கவர்ந்துகொள்ளும். அலுமினாவிலிருந்து கவர வேண்டுமானால் 2000 செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் தேவை, அவ்வெப்பத்திலும் தூய உலோகம் கிடைக்காமல் கார்பைடு என்னும் கரிச்சேர்மம் அதனோடு கலந்துவிடும்.

சாயக்காரர்கள் துணியில் சாயம் பிடிப்பதற்குப் பயன்படுத்திய படிகாரம், பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த ஓர் இரட்டைச் சல்பேட்டு. ஆகவே இந்தத் தனிமத்தின் சேர்மம் பல நூற்றாண்டுகளாகக் கையில் புழங்கியும் அதன் உலோகத்தை எவரும் கண்டதில்லை. லண்டனில் ஹம்ப்ரி டேவி 1808இல் உலோகத்துக்குப் பெயர் வைத்தாரே தவிர உலோகத்தைப் பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஊர்ஸ்டெட் 1825இல் அலுமினியம் குளோரைடைப் பொட்டாசியமும் பாதரசமும் கலந்த கூட்டோடு சேர்த்துக் காய்ச்சி, தூய்மையற்ற சிறு உலோகக் கட்டியைப் பெற்றார். ஃபிரெடரிக் வோலர் 1827இல் சாம்பல்நிறத் தூளாகவும், 1845இல் குண்டூசித் தலையளவு மணிகளாகவும் அதைப் பெற்று, அம்மணிகளைக் கொண்டு அதன் அடர்த்தியை அளந்தார். அது வியப்பூட்டும் அளவுக்கு இலேசான உலோகம் என்பது அப்போதுதான் தெரிந்தது. பிரான்சில் ஹென்ரி சேன்ட்-கிளேர் டெவில் 1854இல் பொட்டாசியத்துக்கு மாற்றாக விலைகுறைந்த சோடியத்தைப் பயன்படுத்தியதால் உலோகம் பாளம் பாளமாகக் கிடைத்து, 1855 பாரிஸ் கண்காட்சியில் காட்சிப்பொருளாக வைக்கப்பட்டது. ஓர் உலோகத்தைப் பிரிக்க அதனினும் தீவிரமான இன்னோர் உலோகத்தைச் செலவழிக்க வேண்டியிருந்த வரையில் அது அணிகலன் செய்யும் பொருளாகவே நீடித்தது. 1884இல் அமெரிக்கத் தலைநகரின் வாஷிங்டன் நினைவுத்தூண் உச்சியில் பொருத்துவதற்கு ஏறத்தாழ 2.8 கிலோ எடையுள்ள அலுமினியக் கூம்பு வார்க்கப்பட்டபோது, அவ்வளவு பெரிய வார்ப்பு செய்ய முடிந்ததே பேசத்தக்க செயலாக இருந்தது.

இதை மாற்றியது மின்சாரம். ஓபர்லின் கல்லூரியில் படித்த சார்லஸ் மார்ட்டின் ஹால் அமெரிக்காவிலும், பால் எரூ பிரான்சிலும், ஒருவரையொருவர் அறியாமல், 1886இல் ஒரே முறையைக் கண்டறிந்தார்கள். இருவரும் 1863இல் பிறந்து 1914இல் மறைந்தவர்கள் என்னும் தற்செயலும் இங்கே உண்டு. ஹாலின் ஆசிரியரான ஃபிராங்க் ஜூவெட் ஜெர்மனியின் கோட்டிங்கனில் படித்து, அங்கே வோலரை அறிந்தவர் ஆகையால், அலுமினியத்தை மலிவாக எடுக்கும் சிக்கல் ஒருவகையில் குருவழியாகவே ஹாலிடம் வந்து சேர்ந்தது எனலாம். அலுமினா தனியாக உருக 2072 செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால் கிரீன்லாந்தில் கிடைத்த கிரையோலைட் என்னும் வெண்ணிறக் கனிமம் 1000 செல்சியசை ஒட்டி உருகி, அலுமினாவைத் தன்னுள் கரைத்துக்கொள்கிறது. அந்த உருகலில் கரித்தண்டுகள் வழியே மின்சாரத்தைச் செலுத்தினால், ஆக்சிஜன் மேலே உள்ள கரியைப் பற்றி வளியாக வெளியேற, திரவ உலோகம் அடியில் தேங்கும். அடுத்த சில ஆண்டுகளில் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் யோசஃப் பேயர், செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் சாயத்தொழிலுக்கு வேண்டிய அலுமினாவைத் தூய்மையாகப் பெறும் வழியைத் தேடி, பாக்சைட் கனிமத்தைக் காஸ்டிக் சோடாவோடு அழுத்தத்தில் வேகவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அமிலத்திலும் காரத்திலும் கரையும் ஈரியல்பு அலுமினியம் ஆக்சைடுக்கு உண்டு. இரும்பு ஆக்சைடுக்குக் காரத்தில் கரையும் தன்மை இல்லை. அதனால் அலுமினா கரைசலுக்குள் போக, இரும்பு செஞ்சேறாகப் பின்தங்குகிறது. சாயப் பட்டறைக்காகக் கண்ட வழியும் ஹால், எரூ வழியும் ஒன்று சேர்ந்த பிறகு அலுமினியத்தின் விலை சரிந்தது. 1888இல் பவுண்டுக்கு 4.86 டாலராக இருந்த அமெரிக்க விலை 1893இல் 78 சென்ட்டுக்கு வந்தது. சாட்டர்டன் 1898இல் செய்ததை 1888இல் எவராலும் செய்திருக்க முடியாது.

எனினும் மலிவு என்பதை எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் தவறான முடிவு கிடைக்கும். அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கனசென்டிமீட்டருக்கு 2.7 கிராம், பித்தளைக்கு அது 8.5 கிராம் அளவில் இருக்கும். ஒரே கனமுள்ள தகட்டால் ஒரே அளவில் இரண்டு குடங்கள் செய்தால், பித்தளைக் குடம் 3 கிலோ இருக்கும்போது அலுமினியக் குடம் ஒரு கிலோவைத் தாண்டாது. எனவே எடைக்கு மூன்று மடங்கு விலை கொடுத்து அலுமினியம் வாங்கினாலும் ஒரு குடத்துக்கான உலோகச் செலவு ஒன்றாகவே அமையும். விலை அதற்குக் கீழே இறங்கிய அளவுக்கு ஆதாயம். கிணற்றிலிருந்து நீர் சுமக்கும் பெண்ணின் இடுப்புக்கு இந்தக் கணக்கு வேறு வகையில் புரிந்திருக்கும். செம்புத்தகடும் பித்தளைத்தகடும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெருமளவில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தவை ஆதலால், அலுமினியம் வந்து உள்நாட்டு உலோகத்தை விரட்டிவிட்டது என்னும் குறையையும் அதன்மேல் ஏற்ற இயலாது. ஓர் இறக்குமதிக்கு மாற்றாக இன்னோர் இறக்குமதி வந்தது, அவ்வளவே. சாட்டர்டனின் நோக்கமும் இங்கேதான் இருந்தது. ஐரோப்பாவில் செய்து முடித்த பாத்திரத்தை இறக்குமதி செய்வதைவிடத் தகடாக வாங்கி இங்குள்ள உலோகத் தொழிலாளரின் கையால் உருவாக்கினால், கூலி இந்நாட்டில் தங்கும் என்று அவர் கருதினார்.

உலோகத் தொழிலாளர் என்றால் கன்னார். பித்தளையிலும் செம்பிலும் தலைமுறைகளாகத் தேர்ந்த அவர்களின் கைக்கு அலுமினியம் முதலில் இணக்கமாகவே வந்தது. அதன் அணுக்கள் கனசதுரத்தின் மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் அமைந்து நெருங்கி அடுக்கப்பட்டிருப்பதால் ஓரடுக்கு இன்னோரடுக்கின்மேல் எளிதில் வழுக்கும்; தூய அலுமினியம் அதனால் மென்மையானது, கொட்டாப்புளி எனப்படும் மரச்சுத்தியலின் அடிக்கே வளைந்துகொடுப்பது. ஆனால் அடிக்க அடிக்க அடுக்குகள் சிக்கிக்கொண்டு உலோகம் இறுகும். இறுகிய தகட்டை மேலும் அடித்தால் விளிம்பில் வெடிக்கும். ஆகவே இடையிடையே காய்ச்சி மென்மையாக்கியாக வேண்டும். பித்தளைக்கும் இதே முறைதான். இங்கேதான் கன்னாரின் கண் ஏமாந்தது. பித்தளையையும் செம்பையும் காய்ச்சும்போது அவை மங்கலான சிவப்பேறுவதைப் பார்த்தே பதத்தை முடிவு செய்வார்கள். அலுமினியம் 660 செல்சியசிலேயே உருகிவிடும். பளபளக்கும் அதன் மேற்பரப்பு ஒளியை மிகக் குறைவாகவே உமிழ்வதால், உருகும் நொடிவரை நிறமே மாறாது. வெள்ளையாகவே நின்ற தகடு திடீரெனத் தொய்ந்து விழும்போதுதான் சூடு மிஞ்சியது தெரியும். இதற்குப் பட்டறைகள் பின்பற்றிய வழி எளிமையானது: தகட்டின்மேல் சோப்புக் கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டுச் சூடேற்ற வேண்டும்; கோடு பழுப்பேறிக் கறுக்கத் தொடங்கினால் 350 முதல் 400 செல்சியஸ் வரையிலான பதம் வந்துவிட்டது, தீயிலிருந்து எடுத்துவிடலாம். வெப்பமானி இல்லாத பட்டறைக்கு அதுவே வெப்பமானி.

அதைவிடப் பெரிய தடை பற்றவைப்பில் வந்தது. பித்தளைக் குடத்தின் அடிப்பாகத்தையும் மேற்பாகத்தையும் தனித்தனியே அடித்து, விளிம்புகளைப் பல்லாக வெட்டிக் கோத்து, வெண்காரமும் பற்றாசும் இட்டு ஊதி ஒன்றாக்குவது கன்னாரின் தலையாய திறமை. பற்றாசு என்பது சேர்க்க வேண்டிய உலோகத்தைவிடச் சற்றுக் குறைந்த சூட்டில் உருகும் கலப்புலோகம். வெண்காரம் உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடு அழுக்கைக் கரைத்து, பற்றாசு உலோகத்தோடு ஒட்டுவதற்கு இடம் செய்கிறது. அலுமினியத்தில் இந்த முறை பலிக்கவில்லை. புதிதாக வெட்டிய அலுமினியத்தின் முகம் காற்றுப்பட்ட கணத்திலேயே ஆக்சைடு படலத்தால் மூடிக்கொள்ளும். அப்படலத்தை வெண்காரம் உருக்கிக் கரைப்பதற்கு வேண்டிய சூட்டில் அடியிலிருக்கும் உலோகமே உருகிவிடும். சுரண்டி எடுத்தாலும் அடுத்த கணமே மீண்டும் படலம் வளரும். குளோரைடு, ஃப்ளோரைடு உப்புக்களால் ஆன தனிக் கலவைகள் பிற்காலத்தில் இச்சிக்கலைத் தீர்த்தாலும், தொடக்கக் காலப் பாத்திரத் தொழில் ஒட்டே இல்லாத வடிவங்களின்மேல் நிலைகொள்ள வேண்டியதாயிற்று. வட்டத் தகட்டைக் கடைசல் எந்திரத்தில் மர அச்சோடு சேர்த்துச் சுழலவிட்டு, நீண்ட பிடியுள்ள மழுங்கிய கருவியால் அழுத்தி அச்சின் வடிவத்துக்குப் படியவைக்கும் முறையும், அழுத்துப்பொறியில் தகட்டை அச்சுக்குள் இழுத்துக் குழிக்கும் முறையும் இதற்காகவே சிறப்புப் பெற்றன. பிடிகளும் காதுகளும் தறையாணியால், அதாவது இருபுறமும் தலை பரப்பி அடிக்கும் ஆணியால், பொருத்தப்பட்டன. தேக்சா, குண்டான், தூக்குவாளி, தட்டு ஆகியவை அலுமினியத்தில் பெருகியதற்கும், குறுகிய கழுத்துள்ள செம்பும் கூசாவும் பித்தளையிலேயே நெடுங்காலம் தங்கியதற்கும் வாங்குவோரின் விருப்பம் மட்டுமல்லாமல் இந்தப் படலமும் காரணம் ஆகும். கன்னாரின் உளியும் சுத்தியலும் புதிய தொழிலுக்கு வந்தன, பற்றவைப்பு வரவில்லை. தொழில் கையை விட்டு எந்திரத்துக்குப் போகும் திசை, ஒருவகையில், அன்றே முடிவாகிவிட்டது.

பற்றாசை விரட்டிய அதே படலம்தான் பாத்திரத்தைச் சமையலறையில் காப்பாற்றியது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் அதில் சில பங்குகளே அதன் தடிப்பு. ஆயினும் தான் விழுங்கிய உலோகத்தைவிடச் சற்றே கூடுதலான இடத்தை அது நிரப்புவதால் இடைவெளி விடாமல் இறுகப் படிந்து, மேற்கொண்டு காற்றும் நீரும் உள்ளே போகாமல் தடுக்கிறது. இரும்பின் துரு உப்பிப் பொருக்காக உதிர்வதும் இது உதிராமல் நிற்பதும் இதனாலேயே. செம்புப் பாத்திரத்திலும் பித்தளைப் பாத்திரத்திலும் புளி சேர்ந்த குழம்பு நின்றால் களிம்பு ஏறும் என்பதற்காகவே உட்புறத்தில் வெள்ளீயம் பூசும் வழக்கம் இருந்தது. ஆண்டுக்கொரு முறையாவது பூச வேண்டிய அந்தச் செலவு அலுமினியத்துக்குத் தேவைப்படவில்லை. புளியில் உள்ள டார்டாரிக் அமிலமும் மோரில் உள்ள லாக்டிக் அமிலமும் அலுமினியத்தையும் அரிக்கவே செய்யும்; ஆனால் வெளியாகும் சேர்மம் நிறமற்றது, செம்புக் களிம்பைப் போல் பச்சையாகக் கண்ணுக்குத் தெரிவதோ உடனே வாந்தி வருவிப்பதோ இல்லை. இந்த உலோகத்தை நல்லது என்று கொண்டாடியவர்களும் தீங்கு என்று அஞ்சியவர்களும் எதிரெதிராக வாதிட இடம் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அமிலத்தைவிடக் காரத்துக்கு அலுமினியம் அஞ்சும். பித்தளையைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கிப் பழகிய வீட்டில் அலுமினியத்தையும் சாம்பலால் தேய்த்தால், சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் படலத்தைக் கரைத்து மேற்பரப்பை மங்கச் செய்யும். புளி மட்டும் போட்டுக் கொதிக்கவிட்டால் கறுத்த உட்புறம் வெளுக்கும். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் இதைவிடக் கடுமையானவை. காஸ்டிக் சோடாக் கரைசலில் அலுமினியத்தைப் போட்டால் ஹைட்ரஜன் குமிழ்கள் சீறிக்கொண்டு கிளம்பும். பாத்திரப் பட்டறைகள் இதையே மெருகுக்குப் பயன்படுத்தின: செய்து முடித்த பாத்திரத்தைச் சூடான காஸ்டிக் சோடாவில் சிறிது நேரம் அமிழ்த்தினால் எண்ணெய்ப்பசையும் கீறல்களும் போய் மேற்பரப்பு கறுப்பாக வெளிவரும், அதை நைட்ரிக் அமிலத்தில் நனைத்தெடுத்தால் கறுப்பு நீங்கிப் பால்வெண்மையான மங்கல் மினுக்கம் கிட்டும். செம்பைக் கரைத்துவிடும் அடர்நைட்ரிக் அமிலம் அலுமினியத்தைத் தீண்டாது, மாறாகப் படலத்தை உறுதிப்படுத்தும். அவ்வமிலத்தை ஏற்றிச் செல்லும் தொட்டிகளே அலுமினியத்தால் செய்யப்படுவதுண்டு.

கலைப்பள்ளியின் சோதனை தனித்து நடக்கும் நிலைக்கு வந்ததும், 1903இல், அதன் அலுமினியப் பிரிவு இந்தியன் அலுமினியம் கம்பெனி என்னும் தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அரசு முன்னோடியாகத் தொழிலை நடத்திக் காட்டிப் பின் விலகிக்கொள்வதே முறை என்பது சாட்டர்டனின் கொள்கை. அடுத்து அவர் குரோம் முறையில் தோல் பதனிடும் தொழிலை எடுத்துக்கொண்டார். 1908 உதகைத் தொழில் மாநாட்டுக்குப் பின் இம்முயற்சிகள் விரிவடைந்தபோது சென்னையின் ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தார்கள். அரசு தொழில் நடத்துவது கூடாது, கற்பித்தால் போதும் என்று பிரிட்டிஷ் அரசின் இந்திய விவகார அமைச்சர் மார்லி 1910இல் ஆணையிட்டார். சாட்டர்டன் 1912இல் மைசூருக்குச் சென்றுவிட்டார். தோல் தொழில் பற்றி எழுந்த இந்தச் சச்சரவில் அலுமினியம் அடிபடவில்லை, ஏனெனில் அதற்குள் அது அரசின் கையை விட்டு விலகியிருந்தது. அத்துடன் ஐரோப்பிய வணிகர் எவருடைய வயிற்றிலும் அது நேராக அடிக்கவும் இல்லை. தகடு விற்றவருக்கு அது இன்னொரு சந்தை.

இந்தியாவின் தொழில் வளர்ச்சியை ஆராய 1916இல் அமைக்கப்பட்ட ஆணையத்தில் சாட்டர்டன் உறுப்பினர். அதன் தலைவரோ நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட். பாத்திரத்தின் வரலாறும் பாறையின் வரலாறும் சந்திக்கும் இடம் இது. பரங்கிமலை, பல்லாவரம் பகுதியில் காணப்படும் கருநீலப் பாறையை ஆராய்ந்த ஹாலண்ட், அதே பாறையால் ஆன ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் கொல்கத்தாவில் இருப்பதைக் கொண்டு, 1893இல் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் பெரும்பாலும் இப்பாறையால் ஆனவை. மலையுச்சியின் சமவெளிகளில் பல இலட்சம் ஆண்டுகள் மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டபோது, பாறையிலிருந்த பொட்டாசியமும் கால்சியமும் சிலிக்காவும் கரைந்தோட, கரைய மறுத்த இரும்பும் அலுமினியமும் ஹைட்ராக்சைடுகளாக எஞ்சிச் செம்பாறை மூடியாயின. மலபாரின் அங்காடிப்புரத்தில் பிரான்சிஸ் புக்கானன் 1807இல் லேட்டரைட் என்று பெயரிட்ட செம்பாறையும் இவ்வாறு உருவானதே. இந்தியச் செம்பாறைகளில் பல, அலுமினிய ஹைட்ராக்சைடு செறிந்த பாக்சைட்டோடு ஒத்தவை என்று ஹாலண்ட் 1903இல் எழுதினார். அலுமினியப் பிரிவு கைமாறிய அதே ஆண்டில் கனிமத்தின் இயல்பும் எழுத்தில் வந்துவிட்டது; ஆக்சிஜனோடு பிணைந்து கரையாமல் நின்ற அதே பிடிவாதம்தான் பாக்சைட்டை மலையுச்சியில் சேர்த்து வைத்திருந்தது.

ஆனாலும் சேலத்து மலைகளில் கனிமம் இருப்பது போதவில்லை. ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறத்தாழ நான்கு டன் பாக்சைட், இரண்டு டன் அலுமினா, அரை டன்னை நெருங்கும் கரி ஆகியவற்றோடு, இன்றைய சிறந்த ஆலைகளிலும் 13,000 முதல் 15,000 யூனிட் வரை மின்சாரம் செலவாகும். ஆகையால் முதல் ஆலைகள் கனிமம் இருந்த இடத்தில் அமையாமல் நீர் வீழும் இடத்தில் அமைந்தன: சுவிட்சர்லாந்தில் ரைன் அருவி, அமெரிக்காவில் நயாகரா, ஸ்காட்லாந்தில் ஃபாயர்ஸ். சென்னையில் 1895இல் மின்டிராம் ஓடத் தொடங்கிவிட்டது என்றாலும், ஒரு நகரத்தின் டிராமை இழுக்கும் மின்சாரம் எங்கே, ஓர் உருக்காலை விழுங்கும் மின்சாரம் எங்கே. இந்திய மண்ணில் அலுமினியம் உருக்கப்பட்டது இரண்டாம் உலகப்போரின்போதுதான். இங்கிலாந்தில் வீட்டுப் பாத்திரங்களை விமானம் கட்டுவதற்காகத் திரட்டிய காலம் அது. 1943இல் கேரளத்தின் ஆலுவாவில், பள்ளிவாசல் நீர்மின்சாரத்தைக் கொண்டு, இறக்குமதி செய்த அலுமினாவிலிருந்து உலோகம் எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அசன்சோல் அருகே இந்தியப் பாக்சைட்டைக் கொண்டே இயங்கிய ஆலை தொடங்கியது.

சென்னை மாநிலத்தின் முறை 1965இல் வந்தது. மேட்டூரில் அணை 1934இல் முடிந்து, சில ஆண்டுகளில் மின்னுற்பத்தியும் தொடங்கியிருந்தது. காஸ்டிக் சோடா செய்யும் ஆலையும் அவ்வூரிலேயே இருந்தது. சேர்வராயனும் கொல்லிமலையும் தொலைவில் இல்லை. இத்தாலிய நுட்ப உதவியோடு அங்கே அமைந்த மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, மால்கோ என்னும் சுருக்கப் பெயரால் அறியப்பட்டு, பாக்சைட்டிலிருந்து உலோகம் வரையிலான எல்லாப் படிகளையும் ஓரிடத்தில் செய்தது. ஆண்டுக்கு 10,000 டன் உலோகம் எடுக்கும் ஆலைக்கு ஏறத்தாழ 15 கோடி யூனிட் மின்சாரம் வேண்டும். அதுவும் இடைவிடாமல் வேண்டும், ஏனெனில் சில மணிநேரம் மின்சாரம் நின்றாலும் தொட்டியிலுள்ள உருகல் இறுகி ஆலையே பாழாகும். பருவமழையை நம்பிய நீர்மின்சாரத்துக்கும் நிற்காத உருக்காலைக்கும் இயல்பாகவே பொருந்தாது. மால்கோ பின்னர்த் தனக்கென நிலக்கரி மின்நிலையம் அமைத்துக்கொண்டது. எனினும் 2008இல் உருக்கும் பணி நிறுத்தப்பட்டது. பேயர் முறை விட்டுச்சென்ற செஞ்சேறு மேட்டூரில் இன்றும் கிடக்கிறது.

இதற்குள் பாத்திரச் சந்தையின் நிலை மாறியிருந்தது. அலுமினியம் ஏழை வீட்டிலும், பெருங்கூட்டத்துக்குச் சமைக்கும் இடங்களிலும் நன்றாக வேரூன்றியபோதும், சீர்வரிசைத் தட்டில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. பித்தளை அண்டாவை அடகுக்கடையில் வைத்தால் பணம் பெயரும்; எடையில்லாத அலுமினிய அண்டாவுக்கு அந்த மதிப்பு இல்லை. எவர்சில்வர் வந்த பிறகு துலங்கும் வெண்மை என்னும் அதன் ஒரே அழகும் போட்டியில் தோற்றது. வெப்பத்தைக் கடத்தும் திறனில் அலுமினியம் பித்தளையைப் போல் இருமடங்கும் எவர்சில்வரைப் போல் பதினைந்து மடங்கும் உயர்ந்தது என்பதனால், அடிப்பிடிக்காமல் வேக வேண்டிய இடத்தில், இட்லிப்பானையாகவும் பிரஷர் குக்கராகவும், அது பிழைத்துக்கொண்டது. மக்னீசியம் முதலியவை சேர்த்து வலுவூட்டிய கலப்புலோகம் இண்டாலியம் என்ற பெயரில் கடாய்களாகக் கடைக்கு வந்தது. மின்னாற்பகுப்பால் ஆக்சைடு படலத்தை வேண்டுமென்றே பல மடங்கு தடிப்பாக வளர்த்து, கருஞ்சாம்பல் நிறத்தில் கடினப்படுத்தும் முறையும் சேர்ந்தது. இயற்கை சில நானோமீட்டரில் செய்ததை எந்திரம் மைக்ரான் கணக்கில் செய்வதே அது. அதே ஆக்சிஜன் நாட்டம் சிவகாசியில் வேறு வேலை செய்கிறது: பாளமாக இருக்கும்போது படலத்துக்குள் அடங்கிக் கிடக்கும் உலோகம், நுண்தூளாக்கப்பட்டு ஆக்சிஜன் தரும் உப்போடு சேரும்போது மத்தாப்பின் வெண்சுடராக எரிகிறது.

உடல்நலம் பற்றிய ஐயம் இந்த உலோகம் சமையலறைக்கு வந்த நாளிலிருந்தே உடன் வருகிறது. உணவு வழியே உடலுக்குள் சேரும் அலுமினியத்துக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரத்துக்கு 1 மில்லிகிராம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2008இலும், 2 மில்லிகிராம் என்று உலக நலவாழ்வு நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து அமைத்த வல்லுநர் குழு 2011இலும் வரம்பு கூறியுள்ளன. புளிக்குழம்பை அலுமினியச் சட்டியில் இரவு முழுவதும் வைத்திருக்கலாகாது என்னும் வீட்டறிவு இவ்வரம்புகளுக்கு முந்தியது, வேதியியலோடும் ஒத்தது. மெய்யான கவலை வேறிடத்தில் உள்ளது. பழைய அலுமினியத்தை மீண்டும் உருக்குவதற்குக் கனிமத்திலிருந்து எடுக்கும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்கு போதும். ஆக்சிஜனிலிருந்து பிரிக்கும் வேலை முன்பே முடிந்துவிட்டதுதான் காரணம். அதனால் பழம்பொருள் வாங்கும் கடைகளில் நசுங்கிய பாத்திரத்துக்கும் விலை உண்டு. ஆனால் பாத்திரத்தோடு எந்திர உதிரிகளும் மின்கருவிகளும் கலந்து உருகும்போது காரீயமும் பிற உலோகங்களும் உள்ளே வந்துவிடும். ஆப்பிரிக்க நாடான காமரூனில் இவ்வாறு வார்த்த சட்டிகளிலிருந்து காரீயம் உணவில் இறங்குவதாக ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். அலுமினியத்தை ஆக்சிஜனிலிருந்து பிரிப்பதற்கு மின்சாரம் வழி கண்டது. அதனுள் ஒருமுறை கலந்த காரீயத்தையும் துத்தநாகத்தையும் மலிவாகப் பிரித்தெடுக்கும் வழி சிறிய வார்ப்படப் பட்டறையிடம் இல்லை. இந்தியத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பு பாத்திரத்துக்கான அலுமினியத்தின் சேர்க்கையை வரையறுத்து ஐ.எஸ். 21 என்னும் தனித் தரநிர்ணயம் வைத்திருக்கிறது. எடைக்கு விற்கும் சந்தைச் சட்டியில் தர முத்திரை அரிதாகவே காணப்படுகிறது.